ரேந்தை விரிப்பு

மெல்பேர்னில் யூலை மாதத்தில் மீன் பொரிப்பதென்றால் அன்ரி முதலில் என்னை ஜக்கெற் போட்டுக்கொண்டு வரச் சொல்வார். பிறகு குசினி யன்னல், கூடத்து யன்னல், பின்கதவு எல்லாவற்றையும் திறந்துவிடுவார். விறைக்கிற காற்று வீடு முழுக்க அடிக்கும். நாங்கள் இருவரும் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்போம். பொரித்து முடிந்ததும் அவர் வேலியோரம் போய் நின்று, மணம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மூச்சை இழுத்துப் பார்ப்பார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிரேக்கக் கிழவர் இருந்தார். வெயில் கண்டால் முற்றத்தில் மீன் வாட்டுவார். அந்தப் புகை எங்கள் உடுப்புக் கொடிவரை வரும். இதைச் சொன்னால் அன்ரி ஒத்துக்கொள்ள மாட்டார்.

"அவை வெள்ளைக்காரர், பிள்ளை. அவையின்ர மணம் வேற."

டண்டினொங்குக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய வீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். நேர்சிங் படித்துக்கொண்டிருந்த காலம். நான் சைவக்காரி, அவர் வேதக்காரர், கத்தோலிக்கர். ஆனாலும் இருவரும் வன்னிப் பக்கம் என்பதால் யாரோ சேர்த்துவிட்டார்கள். கணவர் மாரடைப்பில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் சிட்னியில் வேலை. அன்ரி ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் தோய்த்து மடிக்கும் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய்வந்தார்.

அவரைப் போல வெட்கப்படும் ஒருவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ரயிலில் கைபேசி அடித்தால் அடுத்த நிலையத்தில் இறங்கித்தான் எடுப்பார். கடையில் தானாகக் கணக்குப் பார்க்கும் மெசின் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டால், சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். பிறகு நான் போய் எடுத்து வர வேண்டும். ஒருமுறை வேலையிடத்தில் அந்த மாதத்தின் நல்ல ஊழியர் என்று அவருடைய படத்தை வாசலில் மாட்டிவிட்டார்கள். படத்தை இறக்கும்வரை அன்ரி லொறி வந்து நிற்கும் பின்வழியால்தான் வேலைக்குப் போனார்.

"வெக்கக்கேடு" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் சொல். திட்டுவதற்கு அல்ல. மற்றவர்கள் "கடவுளே" என்பதுபோல.

இப்படிப்பட்டவரைக் கட்டக் கேட்டவர் ஒரு சத்தக்காரர்.

அவர் பஸ் ஓட்டுநர். மன்னார்ப் பக்கத்து ஆள். மனைவி உயிரோடு இல்லை, பிள்ளைகளும் இல்லை. சண்டைக் காலத்தில் பக்கத்தில் செல் விழுந்து வெடித்ததில் ஒரு காது கேட்காமல் போனதால், உலகத்தில் எல்லாருக்கும் காது கேட்காது என்பதுபோலக் கதைப்பார். புல்லு வெட்டித் தருகிறேன் என்று வரத் தொடங்கியவர், ஒருநாள் டண்டினொங் சந்தையில், அன்ரி மரவள்ளிக்கிழங்கை முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கேட்டாராம், "நாங்கள் கலியாணம் முடிப்பமே?" என்று. கிழங்கு விற்ற வியட்நாம்காரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அன்ரி பையை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவருக்கு, பஸ்சில் ஏறிய பிறகுதான் "ஓம்" என்றாராம். அதுவும் யன்னலைப் பார்த்துக்கொண்டு.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்த பஸ் ஓட்டுநர்தான். அன்ரி ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்.

மகனிடம் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. கைபேசியை மேசையில் வைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி போட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு குற்றவாளிபோல இருந்தார். 

"இற்ஸ் யுவர் லைஃப், அம்மா" என்றான் மகன். "பட் பிக் திங் ஒண்டும் வேண்டாம். சைன் பண்ணிப்போட்டு ஒரு லஞ்ச். ப்ளீஸ்."

"அவருக்குக் கோயில்ல வைக்க விருப்பமடா."

"ஓகே. நீங்கள் என்ன உடுக்கப் போறீங்கள்?"

"ஒரு சாறி. கலர் குறைஞ்ச சாறி."

"குட்" என்றான் மகன்.

அந்தக் காலத்தில்தான் அவர் பின்னத் தொடங்கியிருந்தார். லேஸை அவர் ரேந்தை என்றுதான் சொல்வார். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் பழக்கியது. முனையில் கொக்கி உள்ள ஒரு சின்ன ஊசி, வெள்ளை நூல் உருண்டை, அவ்வளவுதான். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்ததும் யன்னல் சீலையை இழுத்துவிட்டுக் கதிரையில் இருப்பார். பூவும் இலையுமாக நூல் அவர் மடியில் இறங்கும். வாசல் மணி அடித்தால் எல்லாவற்றையும் கதிரைக் குஷனுக்குக் கீழே தள்ளிவிட்டுத்தான் எழும்புவார்.

"இது என்ன, அன்ரி?" என்று கேட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை. "கோயிலுக்கு. பீடத்துக்கு விரிப்பு."

நான் நம்பினேன். வேதக் கோயில் பீடத்தில் என்ன விரிப்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? நீளமான ஒரு துண்டு வளர்ந்துகொண்டு வந்தது. சரிதான், மேசை நீளம் என்று எண்ணிக்கொண்டேன். ஒருநாள் குழாய்போல ஒரு துண்டு கிடந்தது. மெழுகுதிரித் தண்டுக்கு உறை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

கோயிலில் பாட்டுக்குழுவை நடத்தும் அம்மா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பலகாரத்தோடு வந்தார். நல்ல மனுசி. ஆனால் அவருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்ததுதான். வந்தவர் வேறு கதிரை இருக்க, அந்தக் கதிரையிலேயே போய் இருந்தார். குஷன் மேடு தட்டியதும் கையை விட்டு இழுத்தார். வெள்ளை ரேந்தை மீட்டர் கணக்கில் வெளியே வந்தது.

"என்னடியப்பா இது!"

அன்ரிக்கு முகம் மாறிவிட்டது. என்னிடம் சொன்ன அதே சொல்தான் வாயில் வந்தது. "கோயில் பீடத்துக்கு."

"இவ்வளவு வடிவா... ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"சொல்லுறதுக்கு என்ன கிடக்கு."

அந்த அம்மா கண்கலங்கிப் போனார். எங்கள் அன்ரியின் அடக்கத்தை அவர் அன்று முழுக்கப் புகழ்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த தமிழ்ப் பூசையில் பாதர் அறிவித்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த இளம் பாதர். அன்ரிக்குக் கார் ஓடத் தெரியாது, நான்தான் கொண்டுபோய் விடுவேன், பின்வரிசையில் இருப்பேன். அதனால் நானும் கேட்டேன்.

"நம்ம சமூகத்துல ஒரு அம்மா, யார்கிட்டயும் சொல்லாம, மாதா திருநாளுக்குத் தன் கையால பீடத்துக்கு லேஸ் பின்னிட்டு இருக்காங்க. பேரு சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது. ஆனா உங்க எல்லாருக்கும் தெரியும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அன்ரி தலையைக் குனிந்தார். குனிந்து குனிந்து, முன்னால் இருந்த வாங்குப் பலகையில் நெற்றி முட்டியது.

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது சொன்னார்.

"பிள்ளை, அது விரிப்பில்லை."

"அப்ப?"

"சட்டை."

"என்ன சட்டை?"

"கலியாணச் சட்டை."

"ஆருக்கு, அன்ரி?"

விளக்குப் பச்சையாகிவிட்டது. பின்னால் நின்றவன் கோர்ன் அடித்தான். அன்ரி பக்கத்து யன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எனக்கு."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்து வைத்துக் காட்டினார். உள்ளே கொடுக்கும் சாட்டின் துணி, மேல்சட்டை, நான் மெழுகுதிரித் தண்டுக்கு என்று நினைத்த இரண்டு கைகள். அந்த நீளத் துண்டுதான் பாவாடை. இடுப்பில் சுருக்கிப் பிடித்து மேல்சட்டையோடு சேர்க்க வேண்டியது. இன்னும் சேர்க்கவில்லை. ஒரு மேசையை மூடக்கூடிய அளவில் அது கிடந்தது.

 உண்மையைச் சொன்னால் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஐம்பது வயது தாண்டிய, வளர்ந்த மகன் உள்ள ஒரு பெண், முக்காடு போட்ட இளம் மணமகள்போல வெள்ளைச் சட்டையில். "சாறி கட்டலாமே, அன்ரி" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கட்டலாம்" என்றார். மேல்சட்டையை மடித்தார், திரும்ப விரித்தார். "முதல் கலியாணம் இடம்பெயர்ந்து ஓடேக்கை நடந்தது. பெட்டைப்பிள்ளையை வைச்சுக்கொண்டு ஓடேலாது எண்டு அப்பு பயந்திட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில, எங்களோட இன்னும் நாலைஞ்சு சோடி. கலியாணத்துக்கு வெள்ளை உடுக்கோணும் எண்டு அம்மா நிண்டா. என்னட்டை இருந்த வெள்ளை பள்ளிக்கூட யூனிபோம்தான். கழுத்துப்பட்டியைக் கழட்டிப்போட்டு அதோடயே நிண்டனான். அவர் பாவம், நல்ல மனுசன். அவருக்குக்கூட அது வெக்கமாத்தான் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கட்டினமாதிரி."

விரித்த மேல்சட்டையைத் திரும்ப மடித்தார்.

"இந்த வயசில இப்பிடி ஒரு ஆசை. வெக்கக்கேடு."

பாதரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். பாட்டுக்குழு அம்மாவிடமாவது சொல்லுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கைதட்டிவிட்டார்கள். கைதட்டிய பிறகு எப்படிச் சொல்வது? கடையில் வேறு விரிப்பு வாங்கிக் கொடுக்கவும் முடியாது. அந்த அம்மா பூக்களைக் கையால் தடவிப் பார்த்திருந்தார்.

"பாவாடையை இன்னும் மேல்சட்டையோட சேர்க்கேல்லத்தானே" என்றார். "கடவுள் செயல் எண்டு நினைப்பம்."

மாதா திருநாளன்று பாவாடை பீடத்தில் கிடந்தது. இருபக்கமும் பூப்பூவாகத் தொங்கியது. ஒவ்வொருவராக வந்து அன்ரியின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வெட்கம் என்று அவர்கள் நினைத்தார்கள். வெட்கம்தான், ஆனால் அவர்கள் நினைத்த வெட்கம் அல்ல. பஸ் ஓட்டும் அங்கிள் அவருக்குப் பின்னால் இருந்தார். அவருக்கும் சட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "பீடத்துக்கே ஒரு வடிவு வந்திட்டுது!" என்றார். பாடகர்கள்வரை கேட்டது.

பின்னியவரே தோய்த்துத் தந்தால் நல்லது என்று சொல்லி, விரிப்பைத் தோய்க்கும் பொறுப்பையும் அன்ரியிடம் கொடுத்துவிட்டார்கள். அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவருடைய பாவாடை வீட்டுக்கு வந்துபோகும். மெழுகு சிந்தியிருந்தால் பழுப்புத்தாள் வைத்து இஸ்திரி போட்டு எடுப்பார். ரேந்தையைத் தொங்கவிட்டால் இழுபட்டுவிடும், படுக்க வைத்துத்தான் காயவிட வேண்டும். வீட்டில் அவ்வளவு நீளத்துக்கு இருந்தது அவருடைய கட்டில்தான். அந்த நாட்களில் அன்ரி சோபாவில் படுப்பார்.

ஒரு சனிக்கிழமை அங்கிள் புல்லு வெட்ட வந்தார். கை கழுவவென்று உள்ளே வந்தவர் அறையைத் தாண்டும்போது நின்றுவிட்டார். கதவு திறந்திருந்தது. கட்டிலில் விரிப்பு மட்டும் கிடக்கவில்லை. அதற்கு மேலே, அளவாக, மேல்சட்டையை வைத்திருந்தார் அன்ரி. இரண்டு பக்கமும் இரண்டு கைகள். சட்டை முழுதாக, ஒரு ஆள் படுத்திருப்பதுபோலக் கிடந்தது.

அன்ரி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். பிந்திவிட்டது.

"இது விரிப்பெல்லோ?" என்றார் அங்கிள். அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

"பேந்து ஏன் கோயிலுக்குக் குடுத்தனீர்?"

"வெக்கமா இருந்தது."

"எனக்கு நான் புது சூட் தைக்கக் குடுத்திட்டன். எனக்கும் இது ரெண்டாவதுதான். எனக்கு ஒரு வெக்கமுமில்லை."

"உங்களுக்கென்ன. நீங்கள் ஆம்பிளை."

அங்கிள் புல்லு ஒட்டிய சப்பாத்தோடு கூடத்தின் நடுவில் நின்றார். பிறகு தன்னால் முடிந்த மிக மெதுவான குரலில் சொன்னார், "எனக்கு உம்மை அதில பாக்க விருப்பம்."

வேலிக்கு அந்தப் பக்கம் கிரேக்கக் கிழவர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த நாள் விரிப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பையோடு காரில் ஏறினார். பூசைக்கு முன், பூசை உடுப்புகள் வைக்கும் அறை வாசலில் பாதரைக் கண்டோம். பையை நீட்டினார். பாதர் பிடித்தார். அன்ரி விடவில்லை. இருவரும் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பாதர், நான் பொய் சொன்னனான். இது பீடத்துக்குப் பின்னினதில்லை. என்ர சட்டை. கலியாணத்துக்கு. சனம் பாத்திட்டுது எண்டு வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். நீங்கள் கோயில்ல சொல்லிப்போட்டியள். எல்லாரும் கைதட்டிப்போட்டினம்."

சொல்லும்போது கழுத்துவரை வியர்த்துவிட்டது. பாதரும் நன்றாகச் சிவந்து போனார்.

"ஐயோ, நான்தாம்மா உங்களைக் கேக்காம அறிவிச்சிட்டேன்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறது பாவமோ, பாதர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியலம்மா. படிக்கும்போது இதைச் சொல்லித் தரல. ஆனா கல்யாணமும் அதே பீடத்துக்கு முன்னாலதானே நடக்கப்போகுது?" பையிலிருந்து கையை எடுத்தார். "எடுத்துட்டுப் போங்க. கடையில வாங்கின விரிப்பு ஒண்ணு இருக்கு."

அன்று பீடத்தில் கடை விரிப்புக் கிடந்தது. தோய்க்கப் போயிருக்கிறது என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அன்ரி யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. பாதருக்குச் சொன்னதோடு அவருடைய துணிச்சல் முடிந்துபோயிருந்தது. மகனுக்கும் சொல்லவில்லை. அவன் கேட்டபோது, "ஓமடா, சாறிதான்" என்றார்.

கலியாண நாள் நல்ல குளிர். நான்தான் சட்டையின் பின்பக்கப் பொத்தான்களைப் பூட்டிவிட்டேன். இடுப்பில் சுருக்கிய பாவாடை, நுனியில் ஒரு இடத்தில் மெழுகுபட்ட அடையாளம். முகத்துக்குப் பவுடர்கூடப் போடவில்லை. கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே நடக்கத் தொடங்கியதும் முதலில் அமைதி. பிறகு இரண்டாவது மூன்றாவது வரிசையில் யாரோ சொன்னார்கள், "விரிப்பு." பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். "அந்த விரிப்புத்தான்." அது வரிசை வரிசையாக முன்னால் போவது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அரைவாசி வழியில் நின்றுவிட்டார். காதுமடல்கள் இரத்தச் சிவப்பாக இருந்தன. திரும்பி ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். ஒருமுறை பின்னால் வாசலைப் பார்க்கவும் செய்தார். அங்கே, விமானம் பிந்தியதால் நேரே கோயிலுக்கு வந்த மகன், கறுப்புக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

முன்னால் புது சூட்டில் நின்ற அங்கிள் திரும்பி, "வந்திட்டா!" என்றார். கோயிலே சிரித்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்தின் மறைவில் அன்ரி மிச்சத் தூரத்தையும் நடந்து முடித்துவிட்டார். பாட்டுக்குழு அன்று வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடியது. கோபத்திலா சந்தோசத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பூசை முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் எல்லாரும் படம் எடுக்க நின்றார்கள். மகன் தள்ளி நின்றான். அன்ரி நேரே அவனிடம் போனார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டி, முடிந்த அளவு ரேந்தையை மறைத்துக்கொண்டு போனார்.

"நீங்கள் சாறி எண்டெல்லோ சொன்னீங்கள்" என்றான்.

"ஓமடா."

அவன் நிலத்தைப் பார்த்தான். அவளும் நிலத்தைப் பார்த்தாள் என்று எழுதினால் பிழையில்லை. அந்த நேரத்தில் அன்ரி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைபோலத்தான் நின்றார். "யூ லுக் நைஸ்" என்றான் மகன், சப்பாத்துக்குச் சொல்வதுபோல.

"குளிருதடா" என்றார் அன்ரி. "உன்ர கோட்டைத் தாறியே?"

கழற்றிக் கொடுத்தான். அவர் அதைப் போட்டு, கழுத்திலிருந்து முழங்கால்வரை எல்லாப் பொத்தான்களையும் பூட்டினார். கீழே ஒரு விரற்கடை ரேந்தை மட்டும் தெரிந்தது. அப்படியே படத்துக்கு வந்து நின்றார். பெரிய கறுப்புக் கோட்டுக்குள் ஒரு மணமகள். பாட்டுக்குழு அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார். மகன் தாயின் மற்றப் பக்கத்தில் வந்து, சேர்ட்டோடு விறைத்துக்கொண்டு நின்றான்.

படம் எடுப்பவர் ஆயத்தமாகும்போது அங்கிள் குனிந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"கோட்டைக் கழட்டுமன். நான் உள்ளை பாதரைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன். இன்னும் வடிவாப் பாக்கேல்ல!"

கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது. ஏறப்போனவர்கள்கூடக் கார்க் கதவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். அன்ரி தலையைக் குனிந்துகொண்டார்.  பிறகு, தலையை நிமிர்த்தாமலே, கையைத் தூக்கிக் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

ஒன்றை மட்டும்.